தெலுங்கில் சொல்லச் சொன்னவர்

யாரையும் நம்பாத ஒருவரால் இருபது ஆண்டுகள் பிறருக்காக வாதாட முடியுமா? ஓசூர் வழக்கறிஞர் மேகலாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தவர். தொழிற்சாலைகள் பெருகி, உடன் படித்தவர்கள் நில வழக்குகளுக்குத் தாவியபோதும் அவர் குற்ற வழக்குகளை விடவில்லை. அதைத் தியாகம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. போலீஸ் எழுதியதை அவர் நம்பவில்லை. தன் கட்சிக்காரர் சொன்னதையும் நம்பவில்லை.

"டீ வாங்கிக் குடுத்தா, பால் எந்த மாட்டுதுன்னு குறுக்கு விசாரணை பண்ணுமுங்க அந்தம்மா" என்பார் நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்யும் கமலக்கண்ணன்.

இந்த ஊரில் ஒரே பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். மேகலாவுக்கு மூன்றும் தெரியும். பேசுகிறவர் எந்த இடத்தில் மொழி மாறுகிறார் என்று கவனிப்பார். பிறர் சொல்லிக்கொடுத்த வாக்கியம், சொல்லிக்கொடுத்தவரின் மொழியிலேயே வெளிவரும் என்பது அவர் கணிப்பு.

திருமலை ஒப்பந்தத் தொழிலாளி. தன்னை வேலையிலிருந்து நீக்கிய சூப்பர்வைசரை ஒரு மாலை ஏழு மணிக்குக் கம்பியால் அடித்துக் கொல்ல முயன்றதாக அவன்மேல் வழக்கு. நிரூபணமானால் பத்தாண்டு சிறை. அவன் மனைவி ரேவதி மேகலாவின் அறையில் உட்கார்ந்து அந்த நாளைத் தெலுங்கில் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல், தண்ணீர் லாரி வரவில்லை, ரசம் மட்டும் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிமிர்ந்து தமிழில் சொன்னாள்: "மாலை ஏழு மணிக்கு என் கணவர் வீட்டில்தான் இருந்தார்."

மேகலா பேனாவை மூடினார். "இவ்ளோ நேரம் உன் வீட்டுக்காரர 'மா ஆயன'ன்னுதானம்மா சொன்ன? இந்தக் கணவர் எப்ப வந்தாரு?"

"கோர்ட்ல அப்டித்தான் சொல்லணும்னாங்க மேடம்."

"யாரு?"

ரேவதி மறுபடி தெலுங்குக்கு மாறி, குழந்தையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

விசாரணையில் அரசுத் தரப்பு தானாகவே சரிந்தது. கம்பியைக் கைப்பற்றியபோது உடனிருந்ததாகக் கையெழுத்திட்ட இருவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அடிபட்டவரோ, பின்னாலிருந்து விழுந்த அடி, முகம் தெரியவில்லை என்றார்.

"நம்ம பக்கம் சாட்சி இல்லன்னு சொல்லிருங்கக்கா" என்று முணுமுணுத்தாள் ஜூனியர் சுஜாதா. "கேஸ் முடிஞ்சிருச்சு. அந்தப் பொண்ணு சாட்சிக் கூண்டுல ஏறி ஒளறுச்சுன்னா நாமளே அவன உள்ள தள்ளுன மாதிரி."

சுஜாதா சொன்னதில் தவறில்லை. கூண்டில் திருமலை மேகலாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். மேகலா ரேவதியை அழைத்தார். சாட்சியின் தாய்மொழி தெலுங்கு, அதிலேயே சொல்ல அனுமதிக்க வேண்டும் என்றார். ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருந்தது என்று தெலுங்கிலேயே கேட்டார். ரேவதி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தன் கணவர் இருந்தார் என்று தெலுங்கில் சொன்னாள். அந்த நேரம் யோசிப்பதற்கா, சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பதற்கா என்பது எவருக்கும் விளங்கவில்லை.

திருமலை விடுதலையானான். தீர்ப்பில் ரேவதியின் சாட்சியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேவைப்படாத ஒரு சாட்சியை, தன் கட்சிக்காரனின் பத்தாண்டுகளைப் பணயம் வைத்து, மேகலா ஏன் ஏற்றினார்? சுஜாதா பலமுறை கேட்டாள். அவர் காரணம் சொல்லவேயில்லை; தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, ரேவதியின் சாட்சியத்தைத்தான் மறுபடி மறுபடி படித்தார்.