இலவச நெட்டில் இல்லாத பால்கோவா கடை

பிள்ளைகளா, நீங்கள் போனில் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் திறக்கிறதே, அது தானாக நடந்ததில்லை; எத்தனையோ பேர் கவர்மெண்டுக்கு எழுதிக் கேட்டு வாங்கியது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி இலவச நெட் கொடுத்தது. நான் வேலை பார்த்த ராஜபாளையம் மில்லில் எல்லோரும் வாங்கினோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கமாகப் பால்கோவா வாங்கும் அக்காவின் கடைப் பக்கத்தைத் தேடினேன். வரவே இல்லை. கடையை மூடிவிட்டார்கள் என்று நம்பி, ஆறுதல் சொல்ல பஸ் ஏறினேன்.

போனால், சாயங்கால வெயிலில் பாலாவி மேகம்போலத் தெருவில் மிதக்கிறது. உள்ளே அக்கா பால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கடை இல்லைன்னு நெட்டுல..." என்று இழுத்தேன்.

"கடை செத்துப்போச்சுன்னு துட்டி கேக்கவா வந்திய, அண்ணாச்சி?" என்று சிரித்தவர், என் போனைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "கம்பெனிக்காரன் சேத்துக்கிட்ட பக்கம் மட்டுந்தான் இதுல தொறக்கும். எல்லாரும் இதுக்கு மாறிட்டா எனக்கு வெளியூர் ஆர்டர் எப்படி வரும்? எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல தொறக்கணும்னு எம்புட்டோ சனம் கவர்மெண்டுக்கு மெயில் போடுது. நானும் போட்டுட்டேன்."

அந்த ஆவிக்குள் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதுபோல இருந்தது எனக்கு. கண்முன்னால் இருக்கிற அக்காவை இல்லை என்றது என் போன், நானும் நம்பியிருக்கிறேனே!

பிறகு தெப்பக்குளத்துப் படியில் தனியாக உட்கார்ந்து, இலவச நெட்டை விட்டுவிட்டு, காசு போட்டு நெட் வாங்கி, என் முதல் மெயிலைத் தமிழிலேயே எழுதிக் கவர்மெண்டுக்கு அனுப்பினேன்: "ஐயா, எல்லாக் கடையும் தெரியணும்."