அண்ணியின் நாற்பது எழுத்துகள்

"மறுபடியும் மொதல்லேருந்து படி" என்று சொல்லிவிட்டு, அண்ணி அடிக்கோலைத் தாளின் முதல் வரிக்குக் கீழே வைத்தார். பரிசோதனைக்கூடப் பெண் திரையைப் பார்த்து, நான்கு நான்காகப் பிரித்து ராகமில்லாமல் படித்தாள். "பி, ஏழு, மூணு, டி." முதல் நான்கிலேயே பென்சில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவையாக.

பரிசோதனைக்கூடப் பெண் அவருடைய கணவரின் தங்கை. அவள் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியின் வாயிற்காவலர் முதல் மூத்த மருத்துவர் வரைக்கும் எல்லோருக்கும், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த அம்மாள் அண்ணி ஆகிவிட்டார். முன்பு துணிக்கிடங்காக இருந்த, ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருப்பார். சர்வருக்காகவே ஓடும் ஏசி என்பதால் வெயில் கொளுத்தும் மதியத்திலும் ஸ்வெட்டர். அதன் பையில் பென்சில், ஷார்ப்னர், மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள்.

அந்தத் தாளுக்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. மென்பொருள்களை அடுக்கி வைத்துத் தரும் களஞ்சியங்கள் இணையத்தில் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் தான் தரும் சரக்கில் தன் முத்திரையைக் குத்தித்தான் அனுப்பும். அந்த முத்திரையின் அடையாளம் நாற்பது எழுத்துகள். அதை வேறொருவர் படிக்க, சரியான முத்திரைகளை எழுதிவைத்திருக்கும் தன் தாளோடு ஒத்துப் பார்த்தபிறகுதான் அண்ணி எதையும் உள்ளே விடுவார். வீட்டிலும் இதே கெடுபிடிதான். கணவர் திருப்புளியை எடுத்தாலே, "ஓடிக்கிட்டிருக்கிற மிக்ஸிய எதுக்குக் கழட்டுறீங்க?" என்று குரல் வரும்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை பல் பிடுங்கப் போயிருந்தார். இரண்டே மணி நேரம். அதற்குள், எல்லாவற்றையும் புதுசாக்கச் சொல்லி நிர்வாக அதிகாரி அனுப்பிய வெளி நிறுவனத்து ஆள் வந்து, பரிசோதனைக்கூடக் கணினியில் இருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் புதுப்பித்துவிட்டார். யாரைக் கேட்டார்? ஒருவரையும் கேட்கவில்லை. ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரமோ முடிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தின் பழைய பதிப்பு ஒன்றோடு மட்டும்தான் பேசும். புதியது வந்ததும் இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. முடிவுகள் வார்டுக்குப் போவது நின்றது. நாத்தனார் கையால் எழுதி, எழுதியதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்கினாள். அந்த அவசரத்தில் ஆறாம் படுக்கையின் பொட்டாசியம் அளவு ஒன்பதாம் படுக்கைக்குப் போனது. நர்ஸ் கண்ணில் பட்டதால் தப்பித்தது. இரண்டு மணிக்கு டயாலிசிஸ் நோயாளிகள் அடுத்த குழுவாக வருவார்கள். காலையிலேயே எடுத்த அவர்களுடைய ரத்தமெல்லாம் குழாய்களில் காத்திருந்தது.

கன்னத்தில் பஞ்சோடு திரும்பிவந்த அண்ணி நேராகக் கணினி முன் போய் உட்கார்ந்தார். பழைய பதிவுகள் அழியவில்லை. ஆனால் அவற்றைத் திறக்கும் பழைய பதிப்பு வழக்கமான களஞ்சியத்தில் இல்லை. தரவுத்தளத்தைச் செய்பவர்களே தனியாக நடத்தும் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வந்த ஆள், அதற்கென்ன என்று, எங்கோ தேடிப் பிடித்த முகவரியை ஒட்டி வைத்திருந்தார். அதன் முத்திரையைத்தான் நாத்தனார் மூன்று தடவை படித்தாள்.

"செக் பண்ண வேணாம்னு ஒரு வரி போட்டா போதும் அண்ணி. நாங்க எல்லா எடத்துலயும் அப்படித்தான் போடுறோம்" என்றார் அவர். அவருக்கும் அண்ணிதான்.

அண்ணி பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டார். "யார் குடுத்ததுன்னு தெரியாத ஊசிய உங்க பிள்ளைக்குப் போடுவீங்களா?"

அண்ணி முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். நடுவே ஒரு சிறு கோடு அதிகமாக இருந்தது. அது தரவுத்தளத்தைச் செய்தவர்களின் இடமே இல்லை. பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய இடம். அதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நோயாளிகளின் ரத்தக் கணக்குக்குள் விடச் சொன்னார்கள். ஒரு வரி போட்டால் போதுமாம்!

அதை அழித்தார். தாளின் மேல்மூலையில் இருந்த முகவரியைத் தன் விரலாலேயே கணினியில் தட்டினார். நாத்தனார் மறுபடி படித்தாள். இந்தத் தடவை பென்சில் நிற்காமல் நான்கு எழுத்துக்கு ஒன்றாகப் பத்துப் புள்ளி வைத்தது. புதியதை நிறுத்தி, பழைய பதிப்பை, அதன் எண்ணைக் கடைசி இலக்கம்வரை குறிப்பிட்டு இறக்கினார். இனி யார் எதைப் புதுப்பித்தாலும் அது மட்டும் அசையாதபடி பூட்டினார். மணி ஒன்றரை. இயந்திரம் முனகியது. ஓரமாகக் கிடந்த அச்சுப்பொறிக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் மேசைமேல் தொலைபேசி அடித்தது. நிர்வாக அதிகாரி.

"என்னம்மா, ஏதோ சின்னப் பிரச்சினையாமே? ஊரே புதுசுக்குப் போகுது, நீங்க மட்டும் பழசைக் கட்டிக்கிட்டு அழறீங்களாம்?"

அண்ணி சுருண்ட ஒயரை இழுத்து நீட்டி, ரிசீவரை அச்சுப்பொறியின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார். ஆறாம் படுக்கை, ஒன்பதாம் படுக்கை, பதினோராம் படுக்கை என்று தாள்கள் சடசடவென்று வந்து விழுந்துகொண்டே இருந்தன. கடைசித் தாள் விழும்வரை அவர் கையை இறக்கவில்லை.