கால் டேங்கில் நின்ற முள்

பெரியப்பா இருபத்தோரு வருடமாகக் கண்ணாடிப் பலகை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். அவர் வண்டியில் இதுவரை ஒரு பலகைகூட உடைந்ததில்லை. வேகத்தடை வரப்போகிறது என்றால் அரைத் தெருவுக்கு முன்பே வண்டி தவழ ஆரம்பித்துவிடும். கிடங்கில் அவருக்கு ஆமை என்று பெயர்.

“என்ன ஆமை, கண்ணாடி தூங்குதா?” என்று கேட்பார்கள் சரக்கு ஏற்றுகிறவர்கள்.

“ஆமா, நீங்க கை வெச்சாத்தான் முழிச்சுக்கும்” என்பார்.

என் அப்பா அவருக்குச் சகலை. பெரியம்மாவும் அம்மாவும் அக்கா தங்கை. அப்பாவை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பெரியப்பாதான். ஒரே வண்டியைக் காலையில் அவரும் மதியத்துக்கு மேல் அப்பாவும் ஓட்டினார்கள். சாவி கைமாறும் நேரத்தில் இரண்டு டிபன் டப்பாவும் திறக்கும். “அக்கா போட மறந்த உப்பையெல்லாம் தங்கச்சி போட்டுடுறா, சகலை” என்று பெரியப்பா சிரிப்பார்.

போன வருடம் புது வண்டி வந்தது. அதில் டீசல் டேங்கைத் தவிர யூரியாவுக்கென்று சின்னதாக இன்னொரு டேங்க். புகையைச் சுத்தப்படுத்த அந்த யூரியா கரைத்த தண்ணீர் வேண்டும். தீர்ந்துபோனால், ஒருமுறை அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்பாது. மிச்சம் எவ்வளவு என்று காட்ட மீட்டரில் தனி முள் உண்டு. ஒரு நாள் அது இறங்கிக் கால் டேங்கில் நின்றது.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நடுரோட்டில் நிற்கப் பெரியப்பா தயாராக இல்லை. மறுநாள் காலை கிடங்குக் கேனிலிருந்து இரண்டு லிட்டர் அளந்து ஊற்றினார். முள் அசையவில்லை. அடுத்த நாளும் இரண்டு லிட்டர். கேனை அப்படியே கவிழ்க்க அவருக்கு மனம் வராது, ஒரு சொட்டு சிந்தினாலும் வீண் என்பார். எட்டு நாளில் பதினாறு லிட்டர் உள்ளே போனது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

“நான் ஊத்துறதெல்லாம் எங்க போகுது?” என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

“வண்டி குடிக்குது.”

“இவ்வளவா குடிக்கும்? எனக்கப்புறம் வண்டிய எடுக்கிறது யாரு?”

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பெரியப்பா நேராக மேனேஜரிடம் போனார். அன்று மதியம் சாவி வாங்க வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, எல்லோரும் பார்க்க வாட்ச்மேன் அவர் பையைச் சோதித்தார். டிபன் டப்பாவையும் திறந்தார். “யூரியாவ டப்பாவுலயா கொண்டு போவாரு?” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். பெரியப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் ஊற்றியபோது யூரியா பொங்கி வழிந்து ஷூவெல்லாம் நனைந்தது. “பாத்தீங்களா, ஆள் போனதும் டேங்க் ரொம்பிடுச்சு!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார். முள் அப்போதும் கால் டேங்கில்தான் நின்றது.

மெக்கானிக் வந்து பார்த்தார். “ரெண்டு ரெண்டா ஊத்தினா இந்த வண்டிக்குத் தெரியாதுண்ணே. ஒரே தடவையா அஞ்சு லிட்டருக்கு மேல ஊத்தணும். புத்தகத்துல போட்டிருக்கே.”

புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வண்டிக்குள்ளேயே இருந்தது.

“அப்ப யாரும் எடுக்கலையா?”

“எடுத்திருந்தா எப்படிண்ணே வழியும்?”

பெரியப்பா மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். “புது ஆள் வந்தாச்சு, விடுங்க” என்றார் மேனேஜர். பெரியப்பாவும் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கழற்றிவிட்ட ஷூவில் யூரியா காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“சகலை, மீட்டர் பொய் சொல்லிடுச்சு.”

“மீட்டர் கால் டேங்குன்னுதான் சொல்லுச்சு அண்ணே. என் பேரச் சொன்னது யாரு?”

“மேனேஜர்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன்.”

“உள்ள போயா, எல்லார் முன்னாடியுமா?”

“உள்ள போய்த்தான்” என்றார் பெரியப்பா.

“என் டப்பாவ எல்லார் முன்னாடியும்தான் திறந்தாங்க” என்றார் அப்பா. அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போனது.

எட்டு மாதம் ஆகிறது. அப்பா இப்போது ஒரு செங்கல் சூளையில் லோடு அடிக்கிறார். பெரியப்பா முழுக் கேனையும் ஒரே தடவையாக ஊற்றுகிறாராம், முள்ளும் சரியாக ஏறுகிறதாம். கிடங்கில் சரக்கு ஏற்றும் ஒருவர் போன வாரம் அப்பாவைப் பார்த்தபோது இதையும் சொன்னார்: “யூரியா திருட்டு நின்னுடுச்சா ஆமை?” என்று இன்றும் யாராவது கேட்கிறார்களாம்.

“இப்ப முள் ஒழுங்கா காட்டுது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பி, வேகத்தடைக்கு வெகுதூரம் முன்பே வண்டியை மெதுவாக்குகிறாராம் பெரியப்பா.