ஃபாத்திமா என்று எழுதிய கார்

ஹில்டா முடி காயவைக்கிற மெஷினின் சூட்டை முதலில் தன் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். கை தாங்குகிற சூட்டைத்தான் பெயின்ட்டும் தாங்கும். பிறகு அந்தக் காற்றை சான்ட்ரோ காரின் டிக்கி மூடியில் ஒட்டியிருந்த கடைசி எழுத்தின் மேல் விட்டாள். எஃகில் செய்த ஆங்கில எழுத்துகள் ஆறு. சேர்த்துப் படித்தால் ஃபாத்திமா. ஃபாத்திமா மாதாவின் பேரை வைத்த, அவளுடைய மூத்த மகள்.

எழுத்து சூடேறியதும் தூண்டில் நரம்பை இரண்டு கை விரல்களிலும் சுற்றிக்கொண்டாள். எழுத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் அதை விட்டு, ரம்பம் போல இப்படியும் அப்படியுமாக இழுத்தாள். பின்னால் இருந்த பசை நாடா மெல்ல அறுந்து, எழுத்து அவள் மடியில் விழுந்தது.

மேல் வீட்டுக் குடித்தனக்காரி மெஹ்னாஸ் துணி காயப்போட வந்தவள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, வண்டிக்குத் தலைக்கு ஊத்திவுட்டியா? முடி காயவெச்சிகினு கீற?”

“உன் வூட்டுக்காரரையும் அனுப்பு. அவருக்கும் சேத்து ஊதிவுடறேன்.”

“ஊதறதுக்கு அவருக்கு முடி எங்கக்கா கீது?” என்று சிரித்தவள், எழுத்து ஒன்று குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். “இன்னாத்துக்குப் பேர எடுக்கற? ரம்ஜான் மாசம் இந்தப் பேரப் பாத்துட்டுத்தான உங்க வண்டிய நிறுத்தி நிறுத்திக் கஞ்சி குடுத்தாங்க?”

“கல்யாண வண்டி. பூ கட்டணும்” என்றாள் ஹில்டா, நிமிராமல்.

பூ கட்டுவதற்கு ஆறு எழுத்து எந்த விதத்திலும் இடைஞ்சல் இல்லை என்பது மெஹ்னாஸுக்கும் தெரியும். அவள் மேற்கொண்டு கேட்காமல் துணியை உதறினாள்.

கல்யாணம் ஹில்டாவின் மகன் ஃப்ரெடிக்கு. வருகிற திங்கட்கிழமை ராயபுரம் சர்ச்சில் கல்யாணப் பூசை. போன வாரம் டீ குடிக்க வந்த பெண்ணின் அம்மா, பிஸ்கட்டைத் தொடாமலே பேச்சைத் தொடங்கியிருந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. புருசன வுட்டுட்டு வந்த பொண்ணு பேரு போட்ட வண்டில எங்க ரெஜினா போய்க் கோயில்ல எறங்குனா, பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?” ஹில்டா வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் முந்திக்கொண்டார். “அதுக்கின்னா, எடுத்துட்டாப் போச்சு.” இன்னொரு டீ கேட்பதுபோல, அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

அந்தக் கார் ஃபாத்திமா மஸ்கட்டில் நர்ஸாக இருந்து அனுப்பிய சம்பளத்தில் வந்தது. எழுத்துகளைத் தேடி வாங்கிவந்து, அளவு பார்த்து ஒட்டியவரே ஸ்டானிஸ்லாஸ்தான். அப்போதெல்லாம் காலையில் பனியன் துணியோடு தெருவில் நின்று, போகிறவர் வருகிறவர் கேட்கும்படி, “என் பொண்ணு வாங்கிக் குட்த்தது” என்று அதைத் துடைப்பார். அப்போது அவள் சம்பாதிக்கிற மகள். கல்யாணத்துக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். புருஷன் அடி பொறுக்காமல், ஒரே ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்தபிறகு அவர் துடைப்பதை விட்டுவிட்டார்.

இப்போது ஃபாத்திமா திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மஸ்கட்டிலிருந்து பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “தம்பி கல்யாணம் முடியட்டும், சொல்றேன்” என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, “இந்த வூட்ல நான் யாரையும் கேக்காம குந்திகினு கீற எடம் அந்த டிக்கி ஒண்ணுதாம்மா, அதுவும் பேரா” என்று சிரித்தாள். ஹில்டா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மகள் மறுபடி விமானம் ஏறிவிடக் கூடாது. ஹில்டாவுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதனால் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். எழுத்துகளை நசுங்காமல், பெயின்ட்டில் கீறல் விழாமல் எடுப்பது. கல்யாணம் முடிந்த மறுநாளே அதே இடத்தில் ஒட்டிவிடுவது. ஃபாத்திமா கேட்டால், வண்டியை வாட்டர் வாஷ் விட்ட இடத்தில் கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிய்க்கிற வேலை இந்த வீட்டில் எப்போதும் ஹில்டாவுடையது. காசிமேட்டிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம், பாகத் தகராறில் வீட்டைவிட்டுப் போன கொழுந்தனின் பெயர்ப்பலகையைக் கதவு சேதமாகாமல் கழற்றித் தரச் சொன்னார் மாமனார். கழற்றித் தந்தாள். தெருவில் யாராவது தங்களுக்கு அன்பளிப்பாக வந்த பாத்திரத்திலிருந்து ‘அன்புடன்’ ஸ்டிக்கரை எடுத்துவிட்டு வேறொரு கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி இருந்தாலும், “ஹில்டாக்காகிட்ட குடு” என்பார்கள். ஃபாத்திமா திரும்பி வந்த வாரம், ஷோகேஸில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த அவளுடைய கல்யாண போட்டோவைக் கிழியாமல் உரித்தெடுத்ததும் இதே கைகள். ஒவ்வொரு தடவையும் எடுக்கச் சொன்னவர்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். எடுத்தது ஹில்டா என்றுதான் பேர் ஆகும்.

ஃப்ரெடி ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். கன்டெய்னர் யார்டில் வேலை. எதையும் நெம்பித்தான் பழக்கம்.

“இன்னும் எவ்ளோ நேரம்மா? குடு, ஒரே தட்டுல எடுத்துடறேன்.”

அவன் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். “போடா அந்தாண்ட. பெயின்ட்டோட பேத்துகினு வரும்.”

“அக்கா வர்றதுக்குள்ள முடி. அவ வந்தா பேஜாரு.”

“பேஜாருன்னு தெரியுதுல்ல? அப்ப உன் மாமியாகிட்ட நீ பேசியிருக்கணும்.”

“நான் இன்னா பேசுறது? கல்யாணம் நடக்கணுமா, வேணாமா?” என்றான். அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போய்விட்டான்.

கடைசியாக முதல் எழுத்தும் மடிக்கு வந்தது. மிச்சமிருந்த பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். அடம்பிடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டாள். ஷாம்பு தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, எட்ட வந்து பார்த்தாள்.

ஒரு கீறல் இல்லை. ஆனால் பெயர் அங்கேயே இருந்தது.

இத்தனை வருஷ வெயிலிலும் கடல் காற்றிலும் வண்டியின் சிவப்பு செங்கல் நிறமாக வெளுத்திருந்தது. எழுத்துகளுக்கு அடியில் மட்டும் வாங்கின அன்றைய ரத்தச் சிவப்பு. எழுத்துகள் இருந்தபோது அழுக்கேறி மங்கிக் கிடந்தன. இப்போது தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

“இன்னாம்மா இது, இப்பதான் நல்லாத் தெரியுது!” திரும்பி வந்த ஃப்ரெடி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பாலீஷ் போட்டுத் தெனம் கொஞ்சம் கொஞ்சமாத் தேச்சா ஒரே கலரா வரும். நானே தேய்க்கறேன். அவசரப்படாத.”

சத்தம் கேட்டு ஸ்டானிஸ்லாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை மாறிய கப்பல்களின் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதுவது அவருடைய ஆட்களின் வேலை. பின்கட்டில் அங்கிருந்து கொண்டுவந்த, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் டின் ஒன்று இன்னும் இருந்தது. அதையும் ஒரு பிடி பஞ்சு நூலையும் எடுத்துவந்தார்.

“கப்பல் பேரையே அழிச்சவன் நான். இந்தத் தகர டப்பாவுக்கு இன்னா வந்துச்சு?”

“அது இரும்புத் தகட்டுக்குப் போடறதுங்க. இதுக்குத் தாங்காது.”

“நீ ஒதுங்குமே. எல்லாம் தெரிஞ்சமாரி பேசாத.”

பஞ்சு நூலை நனைத்து, கப்பலில் தேய்ப்பதுபோலத் தோள் வலிக்கத் தேய்த்தார். இரண்டு இழுப்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது இழுப்பில் பெயின்ட் சுருங்கித் திரண்டு அவர் கையோடு வந்தது. அடியிலிருந்து சாம்பல் நிறம் தெரிந்தது. சில இடங்களில் வெறும் தகடு. பெயர் இருந்த இடம் முழுக்க, சூடு பட்டு உரிந்த தோல் மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் பஞ்சு நூலைக் கீழே போட்டார். “முன்னாலயே எண்ணெயத் தடவிக் கெடுத்து வெச்சிட்ட. அதான் இப்புடி.”

ஹில்டா கழற்றி வைத்திருந்த எழுத்துகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். இனி அவற்றை எதன்மேல் ஒட்டுவது?

“வுடுப்பா. எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டுப் பெருசா ஒரு ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டிடலாம்” என்றான் ஃப்ரெடி. அவனுக்குக் கவலை தீர்ந்துவிட்டது.

ஃபாத்திமா வழக்கம்போல ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூன்று பேரும் ஹாலில்தான் இருந்தார்கள். தோளிலிருந்து பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள்.

“டிக்கில இன்னாப்பா ஊத்துனீங்க, ஆசிட்டா?”

ஸ்டானிஸ்லாஸ் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

“பெயின்ட்டு பழசாயிடுச்சுக்கா” என்றான் ஃப்ரெடி. “புதுசா அடிக்கணும்.”

“வண்டி ஃபுல்லா நல்லாத்தான்டா கீது. என் பேரு மட்டும் பழசாயிடுச்சா?”

அவன் போனில் எதையோ தேட ஆரம்பித்தான். ஃபாத்திமா அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஹில்டாவின் நகக்கண்களில் கறுப்பாகப் பசை ஒட்டியிருந்தது.

“நீயாம்மா?”

“எழுத்த பத்திரமா வெச்சிக்கிறேன்டி. ஒண்ணுகூட வளையல. கல்யாணம் முடிஞ்சதும் திரும்பி...” என்றவள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“யார் சொல்லி எடுத்தன்னு நான் கேக்கல. அது எனக்கே தெரியும்.” ஃபாத்திமாவின் குரல் உயரவே இல்லை. மருந்துக்கடையில் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற குரல் அது. “திங்கக்கிழம கோயிலுக்கு நான் எந்த வண்டில வரணும்? அத்த மட்டும் சொல்லு.”

கார் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும், முன்சீட்டில் அப்பாவுக்கும். வேனில் யார் யார் என்று நேற்றே ஸ்டானிஸ்லாஸ் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டா சாம்பார் தாளித்தபடி எல்லாப் பெயரையும் கேட்டாள். அதில் வராத ஒரு பெயரைப் பற்றிக் கேட்காமல் தாளித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்தார்.

“சொல்லும்மா.”

ஹில்டா குனிந்து நகத்தில் இருந்த பசையைச் சுரண்டினாள்.

ஃபாத்திமா நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.