தூணுக்குப் பின்னால் வெயில்

என் வீட்டுக்காரர் வைப்ராண்டுக்கு டெல்ஃப்ட் நகரத்திலேயே ஆகாத ஆள் ஒருவன்தான்: கால்வாய்க்கு அக்கரையில் குடிவந்த லுப்பர்ட். இருவருக்கும் ஒரே தொழில். தேவாலயத்தின் உட்புறத்தை ஓவியமாகத் தீட்டுவார்கள்.

இவர் படம் தீட்டும் மரப்பலகையின் நடுவில் ஓர் ஊசியைக் குத்துவார். அதில் சுண்ணக்கட்டி தேய்த்த நூலைக் கட்டி இழுத்துச் சுண்டுவார். தரைக்கல், கூரை என்று உள்ளே போகிற கோடுகளெல்லாம் அந்த ஊசியில் போய்ச் சேரும். ஜன்னலில் ஒன்றைக்கூட விடமாட்டார். இருந்தும் படம் மூடிய பெட்டி மாதிரிதான் இருக்கும். அதைச் சொன்னால் மனுஷன் சோற்றில் கைவைக்க மாட்டார் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

லுப்பர்ட் வீட்டுக்கு யார் போனாலும் இவர் ஜன்னலில் நிற்பார். "பாருடி, பீர ஊத்தியே ஆள் பிடிக்கிறான்!" வயிற்றெரிச்சல், வேறென்ன?

தேவாலய நிர்வாகிகள் தங்கள் கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று இருவரையும் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னார்கள். அந்தச் சுவர் லுப்பர்டுக்குப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று இவர் தவித்தார். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

அங்கே இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இவர் தன் படத்தைப் பார்க்கவே இல்லை. நேரே லுப்பர்டின் பலகையை விரலால் தடவ ஆரம்பித்தார்.

"ஊசி குத்துன தடமே இல்ல! கண்ணளவுல கிறுக்கியிருக்கான். இது மோசடி!"

லுப்பர்ட் சிரித்தான். "அண்ணே, நான் கோயில ஓரமா நின்னு பார்த்து வரைஞ்சேன், கோடெல்லாம் ரெண்டு பக்கமும் வெளிய ஓடும். என் ஊசி ரெண்டும் பலகைக்கு வெளிய, எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. வேணும்னா வந்து தடவிப் பாருங்க."

இவர் முகம் சுருங்கியது. விடுவாரா? இன்னும் நெருங்கிப்போய்க் குறை தேடினார். படத்தில் முன்னால் ஒரு பெரிய தூண் நின்றது. அதற்குப் பின்னாலிருந்து வெயில் சரிந்து தரையில் விழுந்திருந்தது. வெயில் வரும் ஜன்னல் எங்கே என்று தேடியவர், மெல்லத் தலையை இடதுபக்கம் சாய்த்தார். பிறகு ஓரடி நகர்ந்து, தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கூடமே சிரித்தது. நிர்வாகிகளில் மூத்தவரான யூரியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைப்ராண்ட், உள்ள போயிட்டு வந்து சொல்லுப்பா, அங்க யாராச்சும் இருக்காங்களான்னு" என்றார். அதற்குமேல் அவர்கள் எதையும் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பட்டாணிச் சூப் ஆறிப்போயிற்று. இவர் கரண்டியைத் தொடவில்லை.

"அந்தத் தூணுக்குப் பின்னால ஜன்னல் இருக்குல்ல?"

"நம்ம கோயில்ல இருக்குங்க."

"அவன் படத்துல?"

நான் ஆறின சூப்பை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தேன்.

"ஒரு ஜன்னல்கூட வரையலடி, பாவி" என்றார். "எல்லா ஜன்னலையும் வரைஞ்சவன் நான். என் படத்துல இருட்டா இருக்கு."