அப்பா திரும்பிப் பார்க்கிற ஷாட்

நான் வேலை பார்த்த கம்பெனி பாலக்காட்டில், கல்பாத்தியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. போனில் ஆடுகிற விளையாட்டுகள் செய்தோம்; பொம்மைகளுக்கு அசைவு கொடுப்பது என் வேலை. நாலைந்து செய்ததில் ஒன்றுதான் பிழைத்தது. தேயிலைக் காட்டில் ஒரு ஆள் ஓடுவான், யானை துரத்தும், விரலால் தட்டினால் பள்ளம் தாண்டுவான். யானை மிதித்ததும் ஒரு நாதஸ்வரம் பீப்பீ என்று இளிக்கும். எத்தனை மீட்டர் ஓடினான் என்று திரையில் வரும். அவ்வளவுதான்.

ஓடுகிறவன் கம்பளியைக் கழற்றி எறிந்தால் யானை நின்று அதை மிதிக்கும், அந்த நேரத்தில் தப்பிக்கலாம் என்று சொன்னது நான். மூணாறுப் பக்கம் சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். அதைச் சேர்த்த பிறகு விளையாட்டு எங்கேயோ போய்விட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் சொன்ன ஐடியா என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுவார். நல்ல பேர் வந்தால் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று உட்கார்ந்து யோசிக்கிற ஆள் நான்.

வந்தது. அந்த விளையாட்டையே ஒன்றரை மணி நேர அனிமேஷன் படமாக எடுக்கப்போவதாக முதலாளி கூட்டம் போட்டார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். யாரையும் மரியாதை குறையாமல்தான் அவமானப்படுத்துவார்.

“வெளையாட்டுல ஆரும் கேக்க மாட்டாங்க. படத்துல கேப்பாங்க. இந்தாளு ஏனுங்க ஓடறான்?”

“யானை தொரத்துது சார்” என்றான் யானையை வடிவமைக்கிற பையன்.

“தொரத்துனா நானுந்தான் ஓடுவனுங்க. என்னைய வெச்சு ஒன்றரை மணி நேரம் பாப்பீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க எஸ்டேட்காரருதானுங்களே. உங்கூர்ல ஆரையாச்சும் மிதிச்சிருக்குமல்லங்க. சொல்லுங்க, கேப்போம்.”

மிதித்தது என் அப்பாவை. எனக்கு அப்போது பதினாலு வயது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ரேஷன் அரிசியோடு வந்துகொண்டிருந்த காலையில் பனிக்குள்ளிருந்து அது வந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோருக்கும் அம்மா சொன்னது இப்படி: எங்களைக் காப்பாற்ற யானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் ஓடினார், திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே ஓடினார். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. அப்பா அரிசியைப் போட்டார், ஓடினார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பனியில் அம்மாவுக்கு அது தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கொழுந்து பறிக்கிறாள், சாப்பிடுகிறாள். என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டால் விழுந்துவிடுவாள் என்று வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

அதனால் கூட்டத்தில் அம்மாவின் கதையைத்தான் சொன்னேன். முதலாளி மேஜையைத் தட்டினார். “இது போதுமுங்க. திரும்பிப் பாக்கறான் பாருங்க, அங்க இருக்குதுங்க படம்.”

அந்த ஷாட்டை என்னிடமே கொடுத்தார்.

விளையாட்டில் ஒரே ஓட்டத்தைச் செய்து வைத்தால் போதும், அதுவே திரும்பத் திரும்ப ஓடும். படத்தில் ஒவ்வொரு அடியும் புதிதாகச் செய்ய வேண்டும். நாமே ஓடி, அதைப் போனில் எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அசைவு கொடுப்போம். மொட்டை மாடியில் நான் ஓடினேன். யானைப் பையன் படம் எடுத்தான். கழுத்து திரும்பவில்லை. திருப்பினால் பொம்மை மாதிரி இருந்தது. முதலாளி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பொறத்தாண்ட பொண்டாட்டி புள்ள நிக்குதுங்க. நீங்க பஸ்ஸ உட்டவனாட்ட ஓடறீங்களே.”

பதினேழு தடவை ஓடினேன்.

“ஏனுங்க, உங்கொப்பா நெசமாலுமே திரும்பிப் பாத்தாருங்களா, இல்ல சும்மா அடிச்சு உட்டீங்களா?”

அடுத்த தடவை ஓடும்போது பின்னாலிருந்து யானைப் பையன் சின்னப்பிள்ளைக் குரலில் “அப்பா!” என்று அலறினான். என் தலை தானாகத் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“அதானுங்க பார்வை!” என்றார் முதலாளி. “அத அப்பிடியே போடுங்க.”

போட்டேன்.

அம்மா பார்க்கக் கூடாது என்று படத்தின் பேரைக்கூட அவளிடம் சொல்லவில்லை. லயத்தில் யாரோ போனில் விளம்பரத்தைக் காட்டிவிட்டார்கள். பஸ் மாறி மாறி இறங்கி வந்து பாலக்காட்டில் நின்றாள். பகல் காட்சிக்குப் போனோம்.

தியேட்டர் முழுக்க அந்த விளையாட்டை ஆடுகிற பிள்ளைகள். திரையில் அம்மாவும் பையனும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நிற்க, அப்பா திரும்பிப் பார்த்தார், யானை மிதித்தது. முதலாளி அந்த இடத்தில் விளையாட்டின் பீப்பீயைப் போட்டிருந்தார். எனக்கே அது தெரியாது. கூரை பிய்கிற மாதிரி சிரிப்பு. “எத்தன மீட்டர்? எத்தன மீட்டர்?” என்று கத்தினார்கள். அம்மா அசையவில்லை.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கேட்டேன். “பிடிச்சிருந்துச்சாம்மா?”

“அவரு எங்கலே திரும்பிப் பாத்தாரு?”

“நீதானம்மா அப்படிச் சொன்ன.”

“சொன்னேன். லயத்துல குடியிருக்கணும்ல.”

“உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நான் பாத்தேம்மா. அப்பா நம்மள விட்டுட்டு ஓடுனாரு.”

அம்மா என்னை நிதானமாகப் பார்த்தாள். “நீ எங்க பாத்த? நீதான என் கைய ஒதறிட்டு மொதல்ல ஓடுன. உன்னப் பிடிக்கத்தான் அவரு பின்னால ஓடுனாரு. யானை பின்னால வந்தவரப் பிடிச்சிச்சு. நான் தண்ணி போற கானுக்குள்ள கெடந்தேன்.”

“இல்லம்மா.”

“மீச மொளைக்கிற வயசு. சின்னப்புள்ளன்னு சொல்லவும் முடியாது. புள்ள ஓடுனதால புருசன் செத்தான்னு எவகிட்டச் சொல்ல?”

அப்பாவின் முதுகு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் முன்னால் ஓடியிருந்தால் அது எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இன்னும் என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது.

மூணாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் குனிந்து, “படத்துல அந்தப் பய அம்மாவக் கட்டிக்கிட்டு அழுதுட்டு நிக்கான்” என்றாள். “அத மட்டும் மாத்தச் சொல்லு.”

“வெளிய வந்த படத்த மாத்த முடியாதும்மா.”

“அப்பச் சரி” என்று ஷட்டரை இறக்கிவிட்டாள்.