ஏழாவது மாடியில் சிவப்பு அட்டை

ஏழாவது மாடியில் தனியாக இருக்கும் அந்த மனிதரைக் குடியிருப்பில் எல்லாரும் சிக்னல்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள், அதுவும் அவசரமாக.

முன்பெல்லாம் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வாரம் இருமுறை வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். நானூறு வீட்டுக்கு ஒரே நர்ஸ், நாக்குத் தள்ளிவிடும். அதனால் மேலிடத்தில் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டார்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு அட்டை. நலமென்றால் காலையில் கதவில் பச்சை, உடம்பு சரியில்லையென்றால் சிவப்பு. பச்சை வீட்டில் நர்ஸ் நிற்க வேண்டியதில்லை. சிவப்பு வீடுகளை மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். முதல் மாதமே இரண்டு பேர் பிழைத்தார்கள்.

சிக்னல்காரருக்குத்தான் கஷ்டம். உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. தினமும் பச்சை. நாற்பது நாள் அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

பொய்ச் சிவப்பு காட்டலாமா? வேலையில் இருந்தவரை ஒருநாளும் காட்டாதவர். ஒரு பொய்ச் சிவப்புக்கு எங்கெங்கே எத்தனை வண்டி நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? மூன்று நாள் மனசோடு மல்லுக்கட்டினார். நாலாம் நாள் சிவப்பை மாட்டினார். வெளுத்த சட்டை போட்டு, நாற்காலியைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார்.

பத்து மணிக்கு நர்ஸம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். லிப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டது.

"என்னங்கய்யா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. முதல்ல உக்காரு. தண்ணி குடி."

அவள் நின்றபடியே அவர் கையில் பட்டையைச் சுற்றி அளவைப் பார்த்தாள்.

"என்னைவிட உங்களுக்குத்தான் பிரஷர் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு சிவப்பு?"

"யாரும் வரலம்மா. நாப்பது நாளாச்சு."

கோபப்படுவாள் என்று நினைத்தார். அவளோ நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க கதவுல பச்சையைப் பாத்தா அப்பாடான்னு போயிடுறேங்கய்யா. தப்புதான். சரி, அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போறேன். ரெண்டாவது மாடி டெய்லரம்மாவும் சிவப்பு போட்டிருக்காங்க, அவங்களைப் பாக்கணும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்திரிம்மா. முதல்ல அங்க போ."

"கொஞ்சம் மூச்சு விட்டுட்டு..."

"இங்க ஒண்ணுமில்ல. அவங்க காத்திருப்பாங்க. போம்மா, போ."

நாற்பது நாளில் வந்த ஒரே ஆளை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரே அனுப்பிவைத்தார்.

அரைமணி நேரத்தில் கீழே ஆம்புலன்ஸ் வந்தது. சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். மூச்சுக் கருவியோடு டெய்லரம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். பயமில்லை என்று நர்ஸம்மா மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். அவருக்கு உயிர் வந்தது.

டெய்லரம்மாவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தி தலையைக் கோதிவிட்டாள், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். பார்த்துக்கொண்டிருந்த சிக்னல்காரருக்கு ஒரு நொடி பொறாமை வந்துவிட்டது. அடுத்த நொடி வெட்கம் பிடுங்கித் தின்றது. போய்ச் சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டிவிட்டு, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.